கோடை விடுமுறையில் கூத்து

நாடகத்தில் வேட்கை மிக்கவர் விடுமுறை நாள்களில் அதனைத் தேடிப் புறப்படுதல் உலகெங்கும் உள்ள வழக்கம். இலண்டனிலும் நியூயார்க்கிலும் இசை நாடக அரங்குகள் ஒரே வட்டாரத்தில் நெருங்கி நிற்கின்றன. அவற்றைக் காண்பதற்கென்றே தொலைவிலிருந்து நண்பரோடு வந்து, நாளொன்றுக்கு ஒரு நாடகமாகக் கண்டு களிப்போர் பலர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களில் வாழும் நாடகப் பற்றாளரோ கடல் கடக்க வேண்டுவதில்லை. பூந்தமல்லியைக் கடந்து திருவள்ளூர் நோக்கியும் காஞ்சிபுரம் நோக்கியும் செல்லும் சாலைகள், தெருக்கூத்து வேரூன்றிய தொண்டை நாட்டுச் சிற்றூர்களுக்கு அவரைக் கொண்டு சேர்க்கும்.

கோடையில் இவ்வூர்கள் பலவற்றில் திரௌபதி அம்மன் திருவிழா நடைபெறும். பகற்பொழுதில் வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பாடிப் பொருள் விரிப்பர். இரவில் அக்கதையே கூத்தாக நிகழும். இன்று துகிலுரிதல், நாளை அர்ச்சுனன் தபசு, மறுநாள் கீசகவதம் எனக் கதை இரவுதோறும் வளர்ந்து, பதினெட்டாம் போரில் முடியும். படுகளத்தில் துரியோதனன் உருவம் மண்ணால் பெரிதாகச் சமைக்கப்பட்டுக் கிடக்கும். ஆதலின் ஓர் இரவு மட்டும் சென்று திரும்புவோன், நூலின் ஓர் ஏட்டைக் கிழித்துப் படித்தவனாவான்.

இதற்கு நண்பன் ஒருவன் இன்றியமையாதவன். இரவு பத்து மணியளவில் தொடங்கும் கூத்து, விடியும்போதுதான் முடியும். ஒருவன் கண்ணயர்ந்தால் மற்றவன் தட்டி எழுப்ப வேண்டும். அன்றியும், நகரத்தில் வளர்ந்தவனுக்குப் பாட்டின் சொற்கள் எளிதில் விளங்கா. சிற்றூரில் பிறந்த தோழன் அருகிருந்து சொல்லுவானாயின், அதுவே தனியொரு பாடமாகும்.

முதலில் மிருதங்கமும் தாளமும் முழங்கும். ஆர்மோனியத்தின் மேலாக, குழந்தையின் அழுகை போன்ற உச்சக் குரலில் முகவீணை எழும். பின்னர் இருவர் ஒரு திரையைப் பிடித்து நிற்பர். அதன் பின்னே நின்று, தான் இன்னான் என்பதை நடிகன் பாடுவான். காலிற் கட்டிய சலங்கையின் ஒலி கேட்கும், கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், முகம் தெரியாது. அவையோரின் ஆவல் உச்சத்தை எட்டும் வேளையில் திரை விலகும். மரத்தால் செய்து வண்ணமும் கண்ணாடியும் பதித்த கிரீடமும், புயங்களில் அணியும் கட்டைகளும், மார்புப் பதக்கமும் விளக்கொளியில் மின்ன, அவன் சுழன்று சுழன்று ஆடுவான். அத்தனை சுமையோடு ஆடிக்கொண்டே பாடுதல் எத்துணை அருஞ்செயல்! அரசன் எவ்வளவு பெரியவனாயினும், கட்டியங்காரன் அவனைக் கேலி செய்யாமல் விடுவதில்லை.

கூத்துகளுள் கர்ண மோட்சம் விடியற்பொழுதுக்கென்றே அமைந்தது போலும். வியாச பாரதம் அறியாத பொன்னுருவி என்பாள் இதில் கர்ணனின் மனைவியாக வருகிறாள். கணவனைத் தாழ்ந்த குலத்தோன் என்று இகழ்ந்திருந்தவள், அவன் பிறப்பின் உண்மையை அறிந்தபின், போருக்குச் செல்ல வேண்டா என்று அவன் வழியை மறிக்கிறாள். அவனோ செல்லத் துணிந்துவிட்டான். வழக்கமாகப் பெண் வேடத்தையும் ஆண்மகனே தாங்குவான். அவன் குரலில் அப்புலம்பல் எழும்போது, அதுவரை பேசிக்கொண்டிருந்தோரும் வாய் மூடுவர்.

இத்தகைய கலையைக் கற்றோர் நெடுங்காலம் இழிவாகவே கருதினர். பம்மல் சம்பந்த முதலியார் இளமையில் தமிழ் நாடகத்தையே வெறுத்திருந்தவர். 1891ஆம் ஆண்டு பல்லாரி கிருஷ்ணமாசார்லுவின் தெலுங்கு நாடகங்களைச் சென்னையில் கண்டு மனம் மாறினார். அவ்வாண்டிலேயே நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அச்சபையால் கற்றோர் மேடையேறினர், அது பெரும்பேறே. ஆயினும் அவர்கள் நாடிய அரங்கு கூத்தின் களத்திலிருந்து விலகியே நின்றது. அவ்விடைவெளியைக் கடந்தவருள் ஒருவர் எழுத்தாளர் ந. முத்துசாமி. புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைக் கண்டு வியந்த அவர், 1977இல் கூத்துப்பட்டறையைத் தோற்றுவித்தார். பின்னாளில் அதன் நடிகர்கள் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் கூத்துப் பயின்றனர். காஞ்சிபுரத்தில் 1990இல் அமைந்த கட்டைக்கூத்துச் சங்கமோ, 2002 முதல் 2020 வரை குருகுலம் ஒன்றை நடத்திப் பெண்பிள்ளைகளுக்கும் இக்கலையைக் கற்பித்தது. முன்பு ஆடவர் மட்டுமே நின்ற களத்தில் சிறுமியர் கிரீடம் தாங்கி நின்றனர்.

எனினும் கூத்தின் வாழ்வு பட்டறையிலும் பள்ளியிலும் மட்டும் இல்லை. களத்தைச் சுற்றி அமர்வோரிடம் உள்ளது. வயல்கள் மனைகளாகின்றன. செலவுக்கு அஞ்சித் திருவிழாவின் நாள்களைக் குறைக்கும் ஊர்களும் உண்டு. கூத்துக்கு மாற்றாகத் திரைப்பாடல் கச்சேரி வைக்கும் ஊர்களும் உண்டு. நள்ளிரவுக்குமேல் பாய்கள் ஒவ்வொன்றாகச் சுருட்டப்படும். நடிகனோ, நூறு பேர் இருப்பினும் பத்துப் பேர் இருப்பினும் பாட்டில் ஓரடியும் குறைப்பதில்லை. அவ்வேளையில் விழித்திருக்கும் இரு நண்பர்களை அவன் கண் தேடிக் கண்டுகொள்ளும்.

விடிந்ததும் முகத்து அரிதாரத்தை எண்ணெயிட்டுத் துடைத்துவிட்டு, மர அணிகளைப் பெட்டியில் அடுக்குவர். நண்பர்கள் ஆவடிக்குத் திரும்பும் முன், பெட்டியருகே அமர்ந்திருக்கும் வாத்தியாரிடம் அடுத்த கூத்து எந்த ஊரில் என்று கேட்டுக் குறித்துக்கொள்வர். விடுமுறையில் இன்னும் சில நாள்கள் எஞ்சியிருக்குமன்றோ!