இருநூறு குரலில் ஒரு குரல்



ஒன்பதாம் வகுப்பு தொடங்கியதிலிருந்து காலை வணக்கக் கூட்டத்தில் நான் வாயை மட்டும்தான் அசைத்துக்கொண்டிருந்தேன். காரணம், குரல் உடைந்துவிட்டது. தமிழ்த்தாய் வாழ்த்தில் மேலே போக வேண்டிய இடத்தில் கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. முன்வரிசையே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. 'இனிமேல் நமக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை' என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவு தப்பு என்று எனக்குப் புரியவைத்தது அமெரிக்காவில் உள்ள ஒரு பாட்டுக் குழு. அதைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1. சம்பளம் வாங்காத குழு

ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகரம் அட்லாண்டா. அங்குள்ள சிம்பொனி இசைக்குழுவில் வயலின், புல்லாங்குழல் எல்லாம் வாசிப்பவர்களுக்கு அதுதான் தொழில். ஆனால் அவர்களுக்குப் பின்னால் வரிசையாக நின்று பாடும் சுமார் 200 பேருக்குச் சம்பளம் கிடையாது. எல்லோரும் தன்னார்வலர்கள். பாட்டின் மீதுள்ள ஆசையால் வருகிறவர்கள்.

இந்தச் சேர்ந்திசைக் குழுவை 1970-ல் தொடங்கியவர் ராபர்ட் ஷா (1916–1999). அப்போது அவர்தான் அந்த இசைக்குழுவுக்கே இயக்குநர். 2000-ல் நார்மன் மெக்கென்ஸி குழுவின் பொறுப்பை ஏற்றார். சம்பளம் வாங்காதவர்கள்தானே என்று லேசாக நினைக்க வேண்டாம். 2003-ல் ஜெர்மனிக்குப் போய், உலகப் புகழ்பெற்ற பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு பாடினார்கள். 2008, 2009 ஆகிய ஆண்டுகளிலும் மறுபடி போனார்கள்.

2. சேருவது எப்படி?

இப்படிப்பட்ட குழுக்களில் சேர, குரல் தேர்வு உண்டு. பொதுவாக நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள்.

அ) சுரவரிசையை மேலும் கீழும் பாடச் சொல்லி, குரல் எதுவரை எட்டுகிறது என்று பார்ப்பது.
ஆ) பியானோவில் வாசிக்கும் சில சுரங்களைக் கேட்டு அப்படியே திருப்பிப் பாடுவது.
இ) முன்பின் பார்க்காத இசைத்தாளைக் கையில் கொடுத்து, பார்த்துப் பாடச் சொல்வது.
ஈ) நாமே தயார் செய்துகொண்டு போன ஒரு பாட்டு.

இதில் என்னைக் கவர்ந்தது, பெரிய குரல் வேண்டும் என்ற கட்டாயமே இல்லை என்பதுதான். பக்கத்துக் குரலோடு கலக்கும் குரல்தான் வேண்டும். தனியாகத் துருத்திக்கொண்டு கேட்கிற குரல், எவ்வளவு இனிமையாக இருந்தாலும் இங்கே தொந்தரவுதான்.

3. நாலு குரல், நாலு இடம்

பெண்களின் மேல் குரல் சொப்ரானோ, கீழ்க்குரல் ஆல்ட்டோ. ஆண்களின் மேல் குரல் டெனர், கீழ்க்குரல் பேஸ். நாலு பிரிவுக்கும் தனித்தனி மெட்டு. நாலும் சேர்ந்தால்தான் பாட்டு முழுமை.

பையன்களுக்குக் குரல் ஏன் உடைகிறது? வளரும் வயதில் குரல்வளை பெரிதாகிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. அதனால் குரல் சுமார் ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. ஆகவே உடைந்த குரல் கெட்டுப்போன குரல் அல்ல, வீடு மாறிய குரல்! இதைப் படித்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

4. எண்ணிப் பாடுதல்

ஷா ஒரு வேடிக்கையான பயிற்சி வைத்திருந்தார். பாட்டின் சொற்களை எடுத்துவிட்டு, அதே மெட்டில் எண்களைப் பாடச் சொல்வார்: ஒன்–அண்ட்–டூ–அண்ட்–டீ–அண்ட்–ஃபோர்–அண்ட். 'த்ரீ' என்பதை 'டீ' ஆக்கிவிட்டார், அப்போதுதான் எழுத்து சட்டென்று விழும். ஒரு சுரத்தை நீட்டும்போதும் எண்ணிக்கை நிற்காது. எனவே யாரும் முந்தவும் முடியாது, பிந்தவும் முடியாது. இதையும் மெல்லிய குரலில் பாடச் சொல்வார். தொண்டை களைக்காது, பக்கத்தில் இருப்பவர் பாடுவதும் காதில் விழும்.

5. மூச்சைப் பங்கு போடுதல்

பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி 1824 மே 7 அன்று வியன்னாவில் முதன்முதலாக அரங்கேறியது. நான்கு பகுதிகள் கொண்ட அதில் பாடகர்களுக்கு வேலை கடைசிப் பகுதியில்தான். ஆனால் அந்தப் பகுதியில் சொப்ரானோக்கள் மிக உயர்ந்த ஒரு சுரத்தை நெடுநேரம் பிடிக்க வேண்டும். ஒருவரின் மூச்சு அதற்குத் தாங்காது. என்ன செய்வார்கள்? ஒவ்வொருவரும் வெவ்வேறு இடத்தில் ஓசையில்லாமல் நிறுத்தி, மூச்சு வாங்கி, மெதுவாக உள்ளே நுழைவார்கள். கேட்பவர்களுக்கு ஒரே நீண்ட மூச்சாகத் தெரியும். ஊர் கூடித் தேர் இழுப்பது போல. ஒருவர் கை மாற்றினாலும் தேர் நிற்காது.

6. காதை விடு, கண்ணை நம்பு

இது நம் அறிவியல் பாடம். காற்றில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பாடகர்கள் மேடையின் கடைசியில் நிற்கிறார்கள். முன்னால் உள்ள வயலின் 17 மீட்டர் தள்ளி இருந்தால், அதன் ஓசை இவர்களுக்கு வர 1/20 நொடி ஆகும். அதைக் கேட்டுப் பாடினால், இவர்கள் குரல் முன்னால் போய்ச்சேர இன்னொரு 1/20 நொடி. மொத்தம் 1/10 நொடி தாமதம்! நிமிடத்துக்கு 120 அடி போகும் வேகத்தில் கால் அடி என்பதே 1/8 நொடிதான். எனவே பாட்டு பின்தங்குவது நன்றாகவே தெரிந்துவிடும். ஒளி வருவதற்கு நேரமே ஆகாத மாதிரிதான். அதனால்தான் இசை நடத்துநரின் கைக்கோலைப் பார்த்துப் பாடுகிறார்கள்.

7. நாங்கள் செய்து பார்த்த சோதனை

உணவு இடைவேளையில் நாலு பேர் வேப்பமரத்தடியில் கூடினோம். தமிழ்த்தாய் வாழ்த்து திஸ்ர தாளம், அதனால் மூணு வரை எண்ணினோம்: ஒண்–ணு, ரெண்–டு, மூ–ணு. நம் எண்கள் தானாகவே இரண்டிரண்டு அசையாக இருப்பதால் 'அண்ட்' கூடத் தேவைப்படவில்லை! எண்ணிப் பாடியபோதுதான் தெரிந்தது, நாங்கள் நாலு பேரும் நாலு இடத்தில் இழுத்துக்கொண்டிருந்தோம். மூன்று நாளில் அது சரியாகிவிட்டது. பிறகு நான் மட்டும் அதே மெட்டை ஒரு ஸ்தாயி கீழே பாடிப் பார்த்தேன். கரகரப்பு வரவில்லை.

திங்கட்கிழமை காலை வணக்கத்தில் நானும் பாடினேன். வாயசைக்கவில்லை, நிஜமாகவே பாடினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அதுவே பெரிய பரிசு.

குரல் உடைந்தது என்று ஒதுங்கி நிற்கும் நண்பர்களே, வேப்பமரத்தடிக்கு வாருங்கள். கீழ்வரிசையில் இடம் நிறைய இருக்கிறது.

பயிற்சி வினாக்கள்:
1. நாலு குரல் பிரிவுகளின் பெயர்களை எழுதுக.
2. 34 மீட்டர் தொலைவிலிருந்து ஒலி வர எவ்வளவு நேரம் ஆகும்?
3. எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் என்ன ஆகும்? வகுப்பில் பாடிப் பார்த்துச் சொல்க.

— ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு