பிள்ளையின் முகம் வீங்கினால்

தோட்டத்துத் தாய்மார்களே, காலையில் எழும்பும்போது பிள்ளைக்குக் கண் இரண்டும் உப்பியிருக்கும். "பூச்சி கடிச்சிருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். சாயங்காலம் கண் வற்றிக் கால் வீங்கும். பிறகு வயிறும் பெருக்கும். ஒண்ணுக்குப் போவது குறைந்து, சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைக்கும். இரண்டு வயது முதல் ஆறு வயதுக்குள் அதிகம் வரும் நெஃப்ரோடிக் என்ற சிறுநீரக நோயாக இருக்கலாம்.

ஸ்டோரில் பால் வடிகட்டுவதைப் பார்த்திருக்கிறீர்கள். சிறுநீரகமும் வடிகட்டிதான். கழிவை வெளியே விட்டு, இரத்தத்திலுள்ள புரதத்தைத் தடுத்து நிறுத்தும். அது கெட்டால் புரதம் சிறுநீரில் ஓடிவிடும். இரத்தத்து நீர் சதைக்குள் இறங்கி வீக்கமாகும். முன்பெல்லாம் டிரசர் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சிப் பார்ப்பார். வெந்த முட்டை போல் வெளுத்தால் புரதம் போகிறது என்று அர்த்தம். இன்று சுகாதாரக் கிளினிக்கில் ஒரு காகிதப் பட்டை போதும்.

வடிகட்டியைக் கெடுப்பது யார்? பேயுமில்லை, காற்றுக் கருப்புமில்லை. நம் இரத்தத்து வெள்ளணுக்கள்தான். திருடனைப் பிடிக்க வேண்டிய ஜாகா நம் வேலியையே பிரிக்கிற கதை! தட்டம்மை வந்த சில பிள்ளைகளுக்கு இந்த வீக்கம் வற்றியதை டாக்டர்கள் கண்டிருந்தார்கள். தட்டம்மை வெள்ளணுக்களை அடக்கக்கூடியது. இதையும் வைத்துத்தான் 1974-ல் ஷால்ஹூப் என்ற டாக்டர், டி-அணுக்கள் என்ற வெள்ளணுக்கள்மீது சந்தேகம் எழுப்பினார். (அதற்காக அம்மை வரட்டும் என்று யாரும் இருந்துவிட வேண்டாம், தட்டம்மை ஆளைக் கொல்லும்.) 2022-ல் இன்னொரு துப்பு கிடைத்தது. வடிகட்டியின் இழையாக இருப்பது நெஃப்ரின் என்ற புரதம். அதையே தாக்கும் எதிர்ப்பொருள் சில நோயாளிகளின் இரத்தத்தில் இருந்தது. எதிர்ப்பொருள் பி-அணுக்களின் வழியில் உண்டாவது.

பிரெட்னிசொலோன் மாத்திரை இந்த அணுக்களை அடக்குகிறது. பத்துப் பிள்ளைகளில் எட்டு ஒன்பது பேருக்கு நாலு வாரத்துக்குள் புரதம் போவது நிற்கும். ஆனால் பலருக்குத் திரும்ப வரும். ஒரு சளிக் காய்ச்சலே கிளப்பிவிடும். அடிக்கடி திரும்பினால் பி-அணுக்களை ஒழிக்கும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்தும் உண்டு.

மாத்திரையால் கன்னம் உப்பும், பசி கூடும். "மருந்தாலதான் வீங்குது" என்று வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். மகா ஆபத்து! பல நாள் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் பிள்ளை துவண்டு விழும். டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். வீக்கம் இருக்கும்வரை கருவாடு, கிச்சாப், பாக்கெட் மீ வேண்டாம்.

ஜாகாவை அடக்கி வைத்திருக்கும் நேரத்தில் கிருமிக்கு வாசல் திறந்தே கிடக்கும். காய்ச்சலோ வயிற்றுவலியோ கண்டால் அன்றைக்கே சுங்கைப்பட்டாணிக்கோ அலோர்ஸ்டாருக்கோ, எது கிட்டவோ, அந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். தடுப்பூசி போடுமுன் நர்ஸிடம் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொப்புளம் போடும் சின்னம்மை வந்தாலும், நம் பிள்ளைக்கு ஒன்றும் இல்லையே என்றிராமல், அன்றே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.