பிள்ளை பெற்ற வீட்டில் துணை

மரக்காணம் உப்பளங்களில் வேலை அதிகாலையிலேயே தொடங்கிவிடும். அளத்திற்குச் செல்லும் வழியில் பிள்ளை பெற்ற வீட்டை எட்டிப் பார்ப்போர் பத்துப் புத்திமதிகளை ஒரே மூச்சில் சொல்லி நகர்வர். ஆட்டிசமோ கவனச் சிதறலோ உடைய தாய்க்கு அவற்றுள் ஒன்றேனும் மனத்தில் தங்குவது அரிது. ‘இவளுக்கு விளங்காது’ என்று குழந்தையையே வாங்கிக்கொள்வது அதனினும் கொடிது.

2009-ல் சண்டிகரில், அரசுக் காப்பகத்திலிருந்த அறிவு வளர்ச்சிக் குறையுடைய இளம்பெண்ணின் கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அவரோ குழந்தையை விரும்பினார். உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது; அத்தகையோரும் நல்ல பெற்றோராக இயலும் என்றது. குறை வேறாயினும் நியாயம் ஒன்றே.

ஆகவே நாளுக்கு ஒரு காரியம் போதும். வெந்நீரின் சூட்டை முழங்கையால் பார்ப்பதை ஒருமுறை செய்து காட்டி, மறுமுறை தாயையே செய்யவிடுவோம். தடுப்பூசிக்குரிய 6, 10, 14-ஆம் வாரங்களை நாட்காட்டியில் வட்டமிடுவோம். இரைச்சல் ஆகாதவரெனில் பார்க்க வருவோரைக் குறைப்போம். (பாட்டிமார் கோபித்துக்கொள்வர், பொறுத்துக்கொள்ளலாம்.) பிள்ளையின் அழுகையே சிலருக்குத் தாங்கவொண்ணாது. அவ்வேளையில் குழந்தையைப் பாயில் மல்லாக்கக் கிடத்தி, சற்று விலகி நின்று, அண்டை வீட்டாரைக் கூப்பிடலாமென முன்னரே சொல்லிவைத்தல் நலம். கூப்பிட்டால் போகவேண்டியவர் நாமே.