அன்பளிப்பா, கடனா? வீட்டுக் கடனும் குடும்பப் பணமும்

பட்டம் பெற்று வேலையில் சேர்ந்த சில ஆண்டுகளில் நம்மில் பலர் வீடு வாங்க எண்ணுவோம். அப்போது பெற்றோர் தரும் பணம் பெருந்துணையாகிறது. சிங்கப்பூரில் அப்பணம் எங்கே பயன்படும், எங்கே சிக்கல் தரும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பணம் எங்கே உதவுகிறது?

500,000 வெள்ளி மறுவிற்பனை வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2024 ஆகஸ்ட் 20 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கடன் 75 விழுக்காட்டைத் தாண்டாது. முதல் வீட்டுக்கான வங்கிக் கடனின் உச்ச வரம்பும் அதுவே. எஞ்சிய 125,000 வெள்ளியைக் கழகக் கடனில் முழுவதுமாக மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கிலிருந்து கட்டலாம். வங்கிக் கடனிலோ குறைந்தது 25,000 வெள்ளி ரொக்கமாக வேண்டும். வீட்டின் மதிப்பீட்டுக்கு மேல் விற்பவர் கேட்கும் தொகையும் ரொக்கமே. இங்குதான் பெற்றோரின் பணம் கைகொடுக்கிறது.

அப்பணம் கடனையும் குறைக்கும். 375,000 வெள்ளியை 2.6 விழுக்காடு வட்டியில் 25 ஆண்டுகளுக்குக் கடன் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 1,701 வெள்ளி. பெற்றோர் தந்த 40,000 வெள்ளியைக் கழித்து 335,000 மட்டும் வாங்கினால் தவணை 1,520 வெள்ளி. மொத்தத்தில் சுமார் 54,000 வெள்ளி குறைவாகக் கட்டுவோம்.

ஆனால் அன்பளிப்பு வருமானம் ஆகாது. கழக வீட்டுத் தவணை மாத வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும் என்ற விதியை அது தளர்த்தாது.

2. திருப்பித் தரவேண்டுமா?

நம் கல்யாண வீடுகளில் மொய் நோட்டு உண்டு. அதில் எழுதப்படுவது அன்பளிப்பு என்றாலும் திரும்பச் செய்யவேண்டும் என்பது எல்லாரும் அறிந்ததே. வங்கி இத்தகைய இரண்டுங்கெட்டான் கணக்கை ஏற்காது. திருப்பித் தரவேண்டிய பணம் கடன்தான். கடன்களுக்கான மொத்தத் தவணை வருமானத்தில் 55 விழுக்காட்டுக்கு மிகக்கூடாது என்ற கணக்கில் அதையும் காட்டவேண்டும். திருப்பித் தருவதாக வீட்டில் பேசிவிட்டு, வங்கியிடம் "அன்பளிப்பு" என்று எழுதிக்கொடுப்பது பொய்யான உறுதிமொழியாகும்.

3. பின்னாளில் என்னாகும்?

சிங்கப்பூரில் அன்பளிப்பு வரி இல்லை. மரபுரிமைச் சொத்து வரியும் 2008 பிப்ரவரி 15 முதல் நீக்கப்பட்டது. ஆகவே வரி பற்றிய கவலை வேண்டாம். கவலை வேறிடத்தில் உள்ளது.

மணமுறிவு ஏற்பட்டால், மாதர் சாசனத்தின்படி ஒருவர் தம் பெற்றோரிடம் பெற்ற அன்பளிப்பு பொதுவாகப் பங்கீட்டில் சேராது. ஆனால் தம்பதியர் வாழும் வீட்டில் அப்பணம் போடப்பட்டுவிட்டால் அந்த வீடு பங்கீட்டுக்கு உட்படும். பணம் யார் பக்கத்திலிருந்து வந்தது என்பதற்குச் சான்று இருந்தால் பங்கை முடிவு செய்யும்போது அது கருதப்படலாம்.

எனவே பணம் கைமாறும் முன்பே மூன்றை முடிவு செய்வது நலம்: இது கொடையா, கடனா? மகனுக்கு மட்டுமா, மருமகளுக்கும் சேர்த்தா? மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியுமா? இவற்றைத் தேதியிட்டு ஒரு தாளில் எழுதி, பணத்தை வங்கி வழியாகவே அனுப்பவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பெற்றோர் தருவது பெரும்பாலும் 55 வயதுக்குப் பிறகு எடுத்த சேமநிதிப் பணமாகவோ அம்மாவின் நகையாகவோ இருக்கும். அவர்களின் முதுமைக்கு மிஞ்சியதைத்தான் பெறுகிறோமா என்று கேட்டறிவது பிள்ளைகளின் கடமை.