எந்த சைக்கிள் வாங்குவது?

அன்புள்ள மலர்,

இருபத்து நான்கு வயதில் சைக்கிள் கற்கப் போவதாகக் கூச்சத்தோடு எழுதியிருக்கிறாய். கூச்சம் எதற்கு? 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, பிள்ளை பெற்ற பெண்களும் கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். சிலருக்கு அதுவே பிடித்தும் போனது. நடுவிலுள்ள பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! வண்டிக்குப் பெயர் என்னவோ ஜென்ட்ஸ். பிள்ளைக்கு இடம் இருக்கிறது, அது போதும் அவர்களுக்கு. நீயும் அப்படியே யோசி: அன்றாடம் எதைச் சுமந்து எந்த வழியில் போகப் போகிறாய்?

காலையில் சேலையூரிலிருந்து தாம்பரம் ஸ்டேஷன்; ஸ்டாண்டில் விட்டுவிட்டு மின்சார ரயில். தோளில் பை, கையில் சாப்பாடு, திரும்பும்போது காய்கறி. பெரிய மேடு இல்லை. ஆனால் நெரிசலில் அடிக்கடி கால் ஊன்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கினால் பள்ளம் தெரியாது.

இந்த வழிக்கு ரேஸ் சைக்கிள் ஆகாது. 25 மில்லிமீட்டர் டயர், வடிகால் மூடியின் கம்பி இடுக்கில் மாட்டிக்கொள்ளும். ஞாயிறு விடியற்காலையில் ஈ.சி.ஆரில் பறப்பவர்களுக்கு அது. மவுண்டன் சைக்கிளின் மிடுக்கில் நானே ஒருமுறை ஏமாந்தேன். மிதிக்கிற பலத்தை முன்பக்க ஸ்பிரிங் வாங்கிக்கொண்டது. முரட்டு டயர் தார் ரோட்டில் உறுமியதே தவிர ஓடவில்லை. விலை குறைந்த வண்டியில் ஸ்பிரிங் வெறும் பாரம்தான்.

உனக்குத் தோதானவை இரண்டு. ஒன்று, லேடீஸ் சைக்கிள். சுடிதாரோ புடவையோ, சிரமமில்லாமல் ஏறலாம். கூடை, கேரியர், மட்கார்டு, செயின் கவர் பெரும்பாலும் கூடவே வரும். கியர் இல்லாததால் ரிப்பேர் குறைவு. தெருமுனைக் கடையே போதும். இன்னொன்று ஹைபிரிட்: ஓரளவு நிமிர்ந்து உட்காரலாம், சுமார் 35 மில்லிமீட்டர் டயர், கியரும் உண்டு. மேடவாக்கம் தாண்டி வேளச்சேரி வரை ஓட்டும் ஆசை வந்தால் அது உதவும். ஆனால் மட்கார்டையும் கேரியரையும் பெரும்பாலும் தனியே வாங்கிப் பூட்ட வேண்டும். முதல் வண்டிக்கு என் ஓட்டு லேடீஸ் சைக்கிளுக்கே.

வகையைவிட அளவு முக்கியம். அப்பாவின் பெரிய வண்டியில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றவன் நான். தழும்பு இன்னும் முழங்காலில் இருக்கிறது. கற்கும்போது இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படியுமளவு சீட்டைத் தாழ்த்து. பேலன்ஸ் வந்தபின் உயர்த்து. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். தாழ்ந்த சீட்டிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் முழங்கால் வலிக்கும். பிரேக் பிடிக்க விரல் எட்டுகிறதா என்றும் பார்.

அவசரப்பட்டு வாங்காதே. பக்கத்து வீட்டு வண்டியை இரவல் வாங்கிக் கற்றுக்கொள். பிறகு வண்டலூர் பூங்காவுக்குப் போ, செவ்வாய்க்கிழமை விடுமுறை. உள்ளே வாடகை சைக்கிள் கிடைக்கும், பஸ், லாரி தொல்லை இல்லை. ஒரு மணி நேரம் ஓட்டினால் உடம்பு எதைக் கேட்கிறது என்று தெரிந்துவிடும். கடைக்கு அதற்குப் பிறகு போகலாம். நல்ல பூட்டும் பின்பக்கச் சிவப்பு விளக்கும் சேர்த்து வாங்கு.

வண்டி வந்ததும் எழுது. முதல் பஞ்சருக்குக் காசு நான் தருகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா