அழுத்தமும் திணறலும்



தேர்வு நெருங்கும் நாள்களில் விடுதியில் எந்த அறைக் கதவைத் தட்டினாலும் கிடைக்கும் விடை ஒன்றே: "ஒரே டென்ஷன்!" இந்த ஒரு சொல்லுக்குள் இருவேறு நிலைகள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. ஒன்று அழுத்தம், மற்றொன்று திணறல். இரண்டிற்கும் மருந்து வேறு. ஒன்றின் மருந்தை மற்றொன்றிற்குக் கொடுத்தால் நிலைமை முற்றும். இதனை நான் நூலில் மட்டும் படிக்கவில்லை, பட்டும் அறிந்தேன்.

என் ஊர் கோபிநத்தம். ஒகேனக்கல்லுக்கு அருகே, காவிரிக் காட்டின் நடுவே உள்ள சிற்றூர். 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. இன்று சாமராஜநகர் மாவட்டம். அலுவலக மொழி கன்னடம். எங்கள் அடுப்பங்கரை மொழி தமிழ். பாட்டனார் காலத்தில் மேட்டூர்ப் பக்கமிருந்து குடிபெயர்ந்தது எங்கள் குடும்பம்.

சென்ற பருவத்தில் ஆய்வறிக்கை, கருத்தரங்க உரை, மூன்று தாள்கள், வீட்டில் தந்தையின் உடல்நலக் குறைவு, எல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. நான்கு நாள்கள் புத்தகத்தின் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்தபடி அமர்ந்திருந்தேன். "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்" என்றனர் நண்பர்கள். முயன்றேன், மேலும் மூழ்கினேன். படிப்பையே விட்டுவிடுவது என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். பாட்டி கேட்டது ஒரே கேள்விதான்: "வேலை நெறையா இருக்குதா சாமி, இல்ல எதைத் தொடறதுன்னே தெரியலையா?"

அறிவியல் படிக்கும் நான் காணத் தவறிய வேறுபாட்டை அந்தக் கேள்வி காட்டிற்று.

எங்கள் பக்கம் பாய்ந்து செல்லும் காவிரி மேட்டூரில் தேங்குகிறது. 1934-இல் திறக்கப்பெற்ற அந்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அணை நிரம்பி நிற்கும்போது சுவரின்மேல் நீரின் அழுத்தம் மிகுதி. ஆயினும் அதனைத் தாங்குவதற்கென்றே கட்டப்பட்டது அச்சுவர். அந்த அழுத்தத்திலிருந்துதான் மின்சாரமும் பிறக்கிறது. ஆனால், நிரம்பிய அணைக்கு வெள்ளம் மேலும் வந்தால்? "தாங்கு, தாங்கு" என்று சுவருக்கு ஊக்கமூட்டுவார் உண்டோ? பதினாறு கண் மதகைத் திறந்துவிடுவார்கள். அழுத்தம் நீர்மட்டத்தைப் பற்றியது. திணறலோ வரத்துக்கும் போக்குக்கும் உள்ள கணக்கைப் பற்றியது.

மனத்தின் கதையும் இதுவே. யெர்க்ஸ், டாட்சன் என்னும் இருவர் 1908-இல் எலிகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். கடினமான பாடத்தை அவை மிதமான தூண்டுதலில் விரைந்து கற்றன. தூண்டுதல் மிகுந்தபோது பின்தங்கின. 1936-இல் ஹான்ஸ் செல்யே, உடல் நெருக்கடியை முதலில் எதிர்த்து நிற்பதையும், நெருக்கடி நீடித்தால் தளர்ந்து போவதையும் எடுத்துக் காட்டினார். எது முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்துவது நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளை. கட்டுக்கடங்காத நெருக்கடியில் அதன் வேலைதான் விரைவில் தடுமாறுகிறது என்று இன்றைய நரம்பியல் கூறுகிறது. ஆகவே, திணறுகிறவர் சோம்பேறி அல்லர். வரிசைப்படுத்தும் கருவியே அவரிடம் அப்போது ஓய்ந்திருக்கிறது.

தனி மனிதருக்குச் சொன்னது ஊருக்கும் பொருந்தும். வீரப்பன் பிறந்த ஊர் கோபிநத்தம். காட்டிலே அவன் கும்பல், ஊரிலே விசாரணை. இரண்டிற்கும் நடுவே மக்கள் திணறினர். அங்கே வந்து பணியாற்றிய வன அதிகாரி பி. சீனிவாஸ், "அஞ்சாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. மருத்துவ உதவி, குடியிருப்பு, மாரியம்மன் கோயில் என ஒவ்வொன்றாகச் செய்து சுமையை இறக்கினார். 1991 நவம்பர் 10 அன்று வீரப்பன் அவரைக் கொன்றான். ஊரார் அவரை மறக்கவில்லை. தெய்வத்தோடு வைத்து வணங்கினர். திணறும்போது மதகைத் திறந்துவிட்டவரை யார்தான் மறப்பர்?

ஆதலால் தோழர்களே, பாட்டியின் கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். "வேலை நிறைய" என்பது விடையானால் அது அழுத்தம். காலத்தை வகுத்துக்கொண்டு உழையுங்கள், உறக்கத்தைக் குறைக்காதீர்கள். "எதைத் தொடுவதென்றே தெரியவில்லை" என்றால் அது திணறல். அப்போது முயற்சியைக் கூட்டாதீர்கள், வரத்தைக் குறையுங்கள். எல்லாவற்றையும் தாளில் எழுதி, இன்றைக்கென ஒன்றை மட்டும் வட்டமிடுங்கள். ஒன்றையேனும் தள்ளிவைக்கக் கேளுங்கள். நான் கருத்தரங்க உரைக்கு இரண்டு வாரத் தவணை கேட்டேன், கிடைத்தது. அந்த ஒரு மதகு திறந்ததும் மற்றவை தாமே வரிசையில் நின்றன. பெட்டியை அவிழ்த்தேன்.

தானே திறக்க இயலாத மதகும் உண்டு. உறக்கமும் உணவும் பல நாள் கெட்டால், வாழ்வே வெறுத்தால், தனித்திருக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். 2022-இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்; தமிழிலும் பேசலாம், கன்னடத்திலும் பேசலாம்.

அடுத்த முறை பக்கத்து அறைத் தோழர் "டென்ஷன்" என்றால், "முயன்று பார்" என்று சொல்லுமுன் பாட்டியின் கேள்வியைக் கேளுங்கள். அவர் விடை சொல்லும் வரை அருகில் அமர்ந்திருங்கள்.