ஏழாம் மாதத்து ஊசி

டிடி ஊசிக்கு யாரும் என் சம்மதத்தைக் கேட்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்த அன்றே நர்சம்மா கையைப் பிடித்துப் போட்டுவிட்டார். ஒரு மாதம் கழித்து இரண்டாவது. இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஃப்ளூ தடுப்பூசி மட்டும் வேறு மாதிரி வந்தது. ஸ்கேனுக்காகப் போய்க்கொண்டிருந்த தனியார் மருத்துவமனையில் டாக்டரம்மா அதைச் சீட்டின் அடியில் எழுதிவிட்டு, "போட்டுக்கிட்டா நல்லது. வீட்டுல பேசிட்டு வந்து சொல்லுங்க" என்றார். தேசியத் தடுப்பூசி அட்டவணையில் கர்ப்பிணிக்கு என்று இருப்பது டிடி மட்டும்தான். ஃப்ளூ ஊசி நம் தலையில் விடப்படுவதற்குக் காரணம் அதுதான்.

வீட்டில் பேசுவது என்றால், அத்தை, மாமா, என் வீட்டுக்காரர், கொழுந்தனார் ஆகிய நால்வரோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவும் சேர்த்தி.

நான் ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆவதற்குள் பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடும். "மிஸ்" என்று ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு, என் சேலை மடிப்பிலேயே மூக்கைத் துடைத்துக்கொள்கிற வயது அவர்களுக்கு. தள்ளி நில்லு என்று சொல்ல வாய் வராது, சொன்னாலும் கேட்கமாட்டார்கள். அலுவலகத்தில் தனி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிற கர்ப்பிணியின் கணக்கும் என் கணக்கும் ஒன்றாக முடியாது. இந்த முடிவை எடுக்கப் போகிற யாரும் முதலில் தன் நாள் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் பள்ளி போகும் குழந்தை இருக்கிறதா, பஸ்ஸில் நெரிசலில் போகிறோமா, ஆஸ்துமாவோ சர்க்கரையோ இருக்கிறதா என்பதெல்லாம் அதில் அடக்கம்.

வீட்டில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: ஊசி போட்டால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு ஒரு ஜோடிக் கேள்வி உண்டு. போடாமல் இருந்து, காய்ச்சல் வந்தால் என்ன ஆகும்? அதை யாரும் கேட்கவில்லை. சும்மா இருந்தால் ஆபத்து இல்லை என்று மனசு தானாகவே எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் முடிவெடுக்க எனக்கு இஷ்டமில்லை.

இரண்டாவது கேள்வியை டாக்டரம்மாவிடம் கேட்டேன். மாதம் ஏற ஏறக் கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, நுரையீரல் விரிய இடம் குறைகிறது, இதயம் வழக்கத்தைவிடக் கூடுதலாக உழைக்கிறது என்றார். நோய் எதிர்ப்பு முறையும் கருவைத் தாங்கிக்கொள்ளத் தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் மற்றவர்களுக்கு மூன்று நாள் படுக்கையோடு போகிற ஃப்ளூ, கர்ப்பிணிக்கு நிமோனியாவாகத் திரும்ப வாய்ப்பு அதிகம். 2009-இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது அமெரிக்காவில் இது கண்கூடாகத் தெரிந்தது. அங்கே மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் சுமார் 1 சதவீதம். அந்தக் காய்ச்சலில் இறந்தவர்களில் அவர்கள் சுமார் 5 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2012-இல் ஃப்ளூ தடுப்பூசியில் கர்ப்பிணிகளுக்கே முதல் முன்னுரிமை தரச் சொன்னதற்குப் பின்னால் இந்த அனுபவமும் இருக்கிறது.

இதைக் கேட்டும் நான் முழுதாக அசையவில்லை. எனக்கு ஆஸ்துமா இல்லை, சர்க்கரை இல்லை, வயது முப்பதுக்குள். அசைத்தது அடுத்து அவர் சொன்ன செய்தி: பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் முடிகிறவரை ஃப்ளூ தடுப்பூசி போட முடியாது. குழந்தைகளில் ஃப்ளூ வந்து மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போவதும் அந்த ஆறு மாதத்தில்தான் அதிகம். குழந்தைக்கு அப்போது இருக்கக்கூடிய பாதுகாப்பு, வயிற்றில் இருக்கும்போது நஞ்சுக்கொடி வழியாக அம்மாவிடமிருந்து போகும் எதிர்ப்புப் பொருள்தான். அம்மாவிடம் இருந்தால்தானே போகும்?

இதை வங்காளதேசத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டாக்காவில் 340 கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கடைசி மூன்று மாதத்தில் ஃப்ளூ ஊசியும் மறு பாதிக்கு வேறொரு தடுப்பூசியும் போட்டு, பிறந்த குழந்தைகளை ஆறு மாதம் கவனித்தார்கள். பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ, ஃப்ளூ ஊசி போட்ட அம்மாக்கள் பக்கம் 6 குழந்தைகளுக்கு; மறுபக்கம் 16 குழந்தைகளுக்கு. 2008-இல் வெளியான முடிவு இது. சின்ன எண்கள்தான். பிறகு தென்னாப்பிரிக்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த பெரிய சோதனையில், 2014-இல், தாய்க்கும் சேய்க்கும் ஃப்ளூ சுமார் பாதியாகக் குறைந்ததாகத் தெரிந்தது. பாதி என்பது முழுசு இல்லை. ஊசி போட்டவர்களுக்கும் ஃப்ளூ வரும். இதைத் தெரிந்துகொண்டே போட்டுக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் பிறகு ஒரு தும்மல் வந்தாலும் "போட்டும் வந்துடுச்சே" என்று வீட்டில் ஆரம்பித்துவிடுவார்கள்.

வீட்டிலேயே கூர்மையான கேள்வியைக் கேட்டது அத்தைதான். "மூணு மாசம் வரைக்கும் தலைவலின்னாக்கூட தைலத்தோட நிறுத்திக்கன்னு சொன்னதும் அந்த டாக்டரம்மாதான். இப்ப அவங்களே காய்ச்சக் கிருமிய ஊசில ஏத்தச் சொல்றாங்களா?" என்றார். இதை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. கர்ப்பத்தில் போடக் கூடாத தடுப்பூசிகள் இருக்கத்தான் செய்கின்றன. உயிருள்ள, பலவீனப்படுத்திய கிருமியைக் கொண்ட எம்எம்ஆர், சின்னம்மை ஊசிகள் அந்த வகை. ஃப்ளூவிலும் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே ஒன்று உண்டு. அது உயிருள்ள கிருமி, கர்ப்பிணிக்கு ஆகாது. கையில் போடும் ஊசியில் இருப்பது செத்த கிருமியின் துண்டுகள். அவை உடம்பில் பெருகாது, ஃப்ளூவைத் தராது. "செத்த பாம்பக் காட்டி அடையாளம் சொல்ற மாதிரி, அத்தை" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, செவ்வாக்கிழமை வேண்டாம், ராகு காலத்துல வேண்டாம்" என்றார். அதில் எனக்கு என்ன நஷ்டம்? ஒத்துக்கொண்டேன்.

கொழுந்தனார் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. "அண்ணி, இதப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க" என்று ஒரு ஃபார்வர்டு அனுப்பியிருந்தார். ஃப்ளூ ஊசியால் கரு கலைகிறது என்று அமெரிக்க ஆய்வே ஒப்புக்கொண்டுவிட்டதாம். பொய் என்று ஒதுக்கத்தான் முதலில் தோன்றியது. தேடிப் பார்த்தால் அது முழுப் பொய்யும் இல்லை. 2017-இல் அப்படி ஓர் ஆய்வு உண்மையிலேயே வந்திருக்கிறது. 2010-11, 2011-12 பருவங்களில் கருச்சிதைவு ஆன 485 பெண்களையும், ஆகாத 485 பெண்களையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். முந்தைய ஆண்டிலும் பன்றிக் காய்ச்சல் கிருமி சேர்ந்த ஊசியைப் போட்டிருந்தவர்களிடம் மட்டும் ஒரு தொடர்பு தென்பட்டது. ஊசிதான் காரணம் என்று அவர்களே சொல்லவில்லை. இன்னும் பார்க்க வேண்டும் என்றுதான் எழுதினார்கள். பார்த்தார்கள். அடுத்த மூன்று பருவங்களில், அதேபோல் ஒப்பிட 1,236 ஜோடிப் பெண்களை வைத்து, முந்தைய ஆய்வைவிடப் பெரிதாகச் செய்து 2019-இல் வெளியிட்டார்கள். அந்தத் தொடர்பு தென்படவில்லை. ஃபார்வர்டில் முதல் பாதி மட்டும் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

இரண்டாவது ஆய்வைக் கொழுந்தனாருக்கு அனுப்பினேன். கட்டைவிரலைக் காட்டும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து, யாராவது ஓர் ஆய்வைச் சொல்லிப் பயமுறுத்தினால் "எந்த வருஷத்து ஆய்வு, அதுக்கப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டது.

வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். "உனக்கு எது சரின்னு படுதோ" என்றார். கர்ப்ப காலத்தில் இதைவிட உதவாத வாக்கியம் கிடையாது. கூட வந்து டாக்டரம்மாவிடம் உட்காருங்கள், நீங்களே உங்கள் சந்தேகத்தைக் கேளுங்கள் என்று அழைத்துப் போனேன். அங்கே அவர் கேட்ட கேள்வி நான் யோசிக்காதது: எத்தனையாவது மாதத்தில் போடுவது?

இதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒரு சின்ன வேறுபாடு இருக்கிறது. எந்த மாதத்திலும் போடலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. நம் நாட்டு மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பான ஃபோக்சி 26 வாரத்துக்குப் பிறகு என்கிறது. தொற்று பெரிதாகப் பரவும் காலத்தில் முன்பே போடலாம் என்று விலக்கும் வைத்திருக்கிறது. எனக்குக் கார்த்திகையில் தேதி குறித்திருந்தார்கள். தமிழ்நாட்டில் ஃப்ளூ தலைதூக்குவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு, ஐப்பசி கார்த்திகையில். ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும். ஏழாம் மாதம் ஆவணியில் விழுந்தது. இரண்டு கட்சிக்கும் பொருந்துகிற மாதம் எனக்கு வாய்த்துவிட்டது.

ஊசி போடும் நாளை முடிவு செய்ததில் வளைகாப்புக்கும் பங்கு உண்டு. கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்: ஒரு கூடம் நிறையச் சொந்தம், நடுவில் கர்ப்பிணி, வரிசையாக வந்து ஒவ்வொருவரும் முகத்துக்கு நேரே குனிந்து, கன்னத்தில் சந்தனம் தடவி, வளையல் போட்டு, காதருகே வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். காற்றில் பரவும் கிருமிக்கு இதைவிட வசதி யாரும் செய்து தர முடியாது. வளைகாப்பை நிறுத்தச் சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை, ஆசையும் இல்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பே ஊசியைப் போட்டுக்கொண்டேன். இருமல் இருந்த பெரியம்மா ஒருவர் தூரத்திலிருந்தே அட்சதை போட்டார். அத்தைதான் அவரிடம் சொல்லியிருக்கிறார்.

ஊசி வாங்குவதிலும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. என் ஊசி இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. வெளி மருந்துக்கடையில் வாங்கி வந்தால் இருநூறு குறையும் என்றார்கள். நான் வாங்கவில்லை. இந்த ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கூடினாலும் கெடும், உறைந்தாலும் கெடும். கடையில் மின்வெட்டு எத்தனை மணி நேரம் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? மருத்துவமனையின் தடுப்பூசிக் குளிர்பெட்டியிலிருந்து என் கண்முன் எடுக்கச் சொன்னேன். எடுத்ததும் அட்டைப்பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஃப்ளூ கிருமி வேஷம் மாற்றிக்கொண்டே இருப்பதால், எந்தெந்தக் கிருமிகளைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை அறிவிக்கிறது. எந்தப் பருவத்துக்கான ஊசி என்று பெட்டியில் ஆண்டோடு அச்சிட்டிருக்கும். போன வருடத்து மிச்சம் வேண்டாம். சிலதில் நான்கு கிருமி, சிலதில் மூன்று என்று போட்டிருக்கும். நான்கு இருந்தால்தான் நல்லது என்று அலைய வேண்டாம். அந்த நான்காவது வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்ணில் படாததால்தான் அதை விட்டுவிடச் சொன்னார்கள்.

போடுவதற்கு முன் நர்ஸ் கேட்டது இரண்டுதான்: இன்று காய்ச்சல் உண்டா, முன்பு எந்தத் தடுப்பூசிக்காவது உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியிருக்கிறதா. இதில் எதற்காவது ஆமாம் என்றால் டாக்டரிடம் பேசிவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும். போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். இடது கை அன்றிரவு கனத்தது. அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. கர்ப்பிணியை இடது பக்கம்தான் படுக்கச் சொல்கிறார்கள். ஆகவே நீங்கள் வலது கையில் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் லேசான உடம்பு வலி, அதற்கடுத்த நாள் பள்ளி.

பிரசவத்துக்குப் புதுக்கோட்டை, அம்மா வீடு. பிரசவம் பார்க்கும் மருத்துவர் மாறுவதால், ஊசியின் பெயரும் தேதியும் தாய் சேய் நல அட்டையில் ஏறியிருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொண்டேன். தனியாரில் போடும் ஊசியை நாம் கேட்டால்தான் அதில் எழுதுவார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, குழந்தையைக் குளிப்பாட்டுவதும் அவர்தான். அவரும் ஐப்பசிக்கு முன்பே ஒரு ஊசி போட்டுக்கொண்டார்.

மார்கழியில் வீட்டில் ஒரு சுற்றுக் காய்ச்சல் வந்தது. தம்பிக்கு வந்தது, எனக்கும் சளி பிடித்தது, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊசியால்தான் என்று சொல்லமாட்டேன். அது ஃப்ளூவா, வேறு ஏதாவது சளியா என்று யாரும் பரிசோதிக்கவில்லை. பால் கொடுப்பதை நிறுத்தவில்லை, முகக்கவசம் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். ஊசி போட்டிருந்தாலும், கர்ப்பத்தில் நல்ல காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தால் கசாயத்தோடு இரண்டு நாள் பார்ப்போம் என்று இருந்துவிடக் கூடாது. ஃப்ளூவுக்கான ஒசெல்டாமிவிர் மாத்திரை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும், அதைக் கர்ப்பிணிக்கும் கொடுக்கிறார்கள். கசாயமும் மருந்துதான், அதையும் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும்.

இப்போது சென்னையில் இருக்கும் நாத்தனாருக்கு நான்காம் மாதம். "அண்ணி, நீங்க ஏழாம் மாசம்தானே போட்டீங்க, நானும் அப்பவே போட்டுக்கிறேன்" என்று போனில் சொன்னாள். அவளுக்குச் சித்திரையில் தேதி. ஏழாம் மாதம் வரை காத்திருந்தால் தை வந்துவிடும், மழையும் காய்ச்சலும் வந்து போயிருக்கும். என் மாதத்தைப் பார்க்காதே, உன் டாக்டரிடம் இந்த வாரமே கேள், இப்போதே போடலாமா என்று கேள் என்றேன். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம் என்று பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது.